குறையாத தட்டு

ஒரு மனிதரின் வயிற்றுக்குள் இடுக்கி ஒன்று கிடக்கிறது என்று எக்ஸ்ரே காட்டியபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். எங்கள் பதிவேட்டின்படி எந்த இடுக்கியும் குறையவில்லை. குறையாத இடுக்கி எப்படி ஒருவர் வயிற்றில் இருக்க முடியும்? எக்ஸ்ரே எடுத்தவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

எங்கள் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் தட்டோடு லிஃப்டில் கீழே வரும். கழுவி, நீளமேசையில் வைத்து எண்ணி, துணியில் சுற்றி, ஆட்டோகிளேவில் நீராவி காட்டி மறுபடி மேலே அனுப்புவோம். என்னைத் தவிர எட்டுப் பேர். ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்பதை மேலேயிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஒன்பது வருடமாக நான்தான் தலைமை. பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என் முழங்கால் இப்போதே ஓய்வு வாங்கிவிட்டது.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. மஞ்சள் தட்டில் பதினான்கு கருவிகள், ஒவ்வொன்றின் பிடியிலும் மஞ்சள் நாடா சுற்றியிருக்கும். அனுப்புவதற்கு முன் நாங்கள் எண்ணி எழுதுவோம். மேலே வயிற்றைத் திறப்பதற்கு முன்னும், தைப்பதற்கு முன்னும் தியேட்டர் சிஸ்டர் எண்ணி எழுதுவார். திரும்பி வந்ததும் மறுபடி நாங்கள். நான்கு எண்ணிக்கை, நான்கு கையெழுத்து. அந்த மனிதருக்கு ஆபரேஷன் நடந்த நாளன்று நான்கு இடத்திலும் பதினான்கு என்று அழகாக எழுதியிருந்தது.

அவர் தரைக்கு ஓடு பதிக்கிற மேஸ்திரி. தையல் பிரித்து வீட்டுக்குப் போனவரால் குனியவே முடியவில்லை. தையல் வலிதான், போகப்போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பதினோராம் நாள் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுபடி திறந்து எடுத்தாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை. நான் வார்டுக்குப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவருடைய மனைவி, நீங்கள் டாக்டரா என்று கேட்டார். இல்லை, கருவிகளைக் கழுவி அனுப்புகிற பிரிவு என்றேன்.

"சுத்தமாத்தானே கழுவியிருந்தீங்க?" என்றார் அவர். "உள்ள இத்தனை நாள் கிடந்திருக்கே, அதான் கேக்கறேன்."

சுத்தமாகத்தான் இருந்தது என்றேன். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியவில்லை.

எங்கள் நிர்வாகிக்குச் சுருக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார். அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். என்ன நடந்தது என்று எழுத நான்கு வரி. அதற்குக் கீழே, தவறுக்குக் காரணமானவர் பெயர் என்று ஒரு கோடு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். சுருக்கமா. கீழ ஒரு பேர் இருந்தாப் போதும். அந்த ஆள வேலைய விட்டு அனுப்பிட்டோம்னு அவங்க குடும்பத்துக்கிட்ட சொல்லணும்."

எனக்கும் பட்டப்பெயர் உண்டு. எக்ஸ்பிளனேஷன். மூன்று வருடத்துக்கு முன்பு கருவிகள் அடிக்கடி தொலைந்தன. அழுக்குத் துணியோடு போகும், குப்பைக் கூடையில் விழும். நான் ஒரு விதி கொண்டுவந்தேன். யார் எண்ணும்போது குறைகிறதோ அவர் எக்ஸ்பிளனேஷன் எழுதி, திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் நின்று வாசிக்க வேண்டும். சுருக்கத்துக்கு அது மிகவும் பிடித்துப்போய் மேலே தியேட்டருக்கும் நீட்டித்தார். இரண்டே மாதத்தில் குறைவு பூஜ்யம். மூன்று வருடமாகப் பூஜ்யம்தான். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் நான் ஒரு மணி நேரம் விளக்கிப் பேசியிருக்கிறேன், தண்ணீர்கூடக் குடிக்காமல்.

படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மஞ்சள் தட்டை மேசையில் கொட்டி எண்ணினேன். பதினான்கு இருந்தது. வயிற்றிலிருந்து எடுத்தது ஒன்று, அதுவும் மஞ்சள் நாடாவோடு மேலே ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. ஆக மொத்தம் பதினைந்து. நாங்கள் வாங்கியதே பதினான்குதான்.

ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பதின்மூன்றில் நாடா வெந்து வெந்து நிறம் மங்கியிருந்தது. ஒன்றில் மட்டும் பளிச்சென்று இருந்தது, சுற்றிப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும். மேசையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் பேய் அறைந்தது போல நின்றார்கள். நான் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை, என் குணம் மாறிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கழுவும் அறைக்குப் போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

அந்த அறையில் பதினேழு வருடமாகக் கருவி கழுவுகிறவரைச் சின்னக்கா என்று கூப்பிடுவோம். எங்கள் பிரிவில் என்னை விட்டால் வயதில் மூத்தவர் அவர்தான். ஏன் சின்னக்கா ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோப்புத் திரவ டிரம்மை இடுப்பால் நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். கனமாக இருந்தது.

திறந்தேன். இடுக்கிகள், கத்தரிகள், ஊசி பிடிக்கும் கருவிகள். சில புதியவை, சில கழித்துக்கட்டிய பழையவை, எண்ணெய் போட்டுச் சரிசெய்தவை. இருபத்து மூன்று இருந்தன. கூடவே எல்லா நிறத்திலும் நாடாச் சுருள்கள், வரிசையாக.

"தட்டு குறைஞ்சு வந்தா இதுலேர்ந்து ஒண்ணு எடுத்து, நாடா சுத்தி வெச்சிடுவோம் மேடம்," என்றார் சின்னக்கா. "அப்புறம் துணிலயோ கூடைலயோ தொலைஞ்சது கிடைக்கும். கிடைச்சா டப்பால போட்டுடுவோம். எப்பவும் கிடைச்சிடும். இந்தத் தடவைதான் கிடைக்கல."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே மேடம்."

அவர் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்தேனே என்பது போலத்தான் சொன்னார்.

"விதி வந்த புதுசுல ஒரு கத்தரி குறைஞ்சுது. நான்தான் வந்து சொன்னேன். எழுதி வாசிக்கச் சொன்னீங்க. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பக்கத்து மேசைப் பொண்ணு எழுதிக் குடுத்தா. வாசிக்க ரொம்ப நேரம் ஆச்சு. பின்னாடி யாரோ சிரிச்சாங்க. நீங்க, சத்தமா வாசிங்கன்னு சொன்னீங்க. மறுநாள் துணிமூட்டைல கத்தரி கிடைச்சுது. உங்க மேசைல வெச்சேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவர் வாசித்தது, சிரிப்பு, கத்தரி, எதுவுமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒருவரை அப்படி நிற்கவைத்துவிட்டு, அதை ஒரு திங்கட்கிழமையோடு மறந்தும்போயிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் டப்பாவோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலை எனக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

மாலையில் தியேட்டர் சிஸ்டரைப் பிடித்தேன். கெட்டிக்காரப் பெண், கை அவ்வளவு சுத்தம். மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். முதலில் பதிவேட்டைப் பாருங்கள் என்றாள். பார்த்தாயிற்று என்றேன். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தைக்கறதுக்கு முன்னாடி எண்ணினேன். பதிமூணுதான் இருந்துச்சு. கீழேர்ந்தே குறைச்சு அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன் மேடம்."

"திறக்கறதுக்கு முன்னாடியும் எண்ணியிருக்கியே, பதினாலுன்னு?"

"உங்க தட்டு எப்பவும் சரியா இருக்கும்னு பேரு. மூணு வருஷமா குறைஞ்சதே இல்ல. அதனால..." நிறுத்தினாள். "எண்ணாமத்தான் எழுதுவேன். எல்லாரும் அப்படித்தான்."

"சரி. பதிமூணுன்னு தெரிஞ்சப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா திங்கக்கிழமை நான்ல நின்னு வாசிக்கணும்."

அவள் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கைக்குட்டையை மட்டும் கொடுத்தேன்.

வீட்டில் என் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். தினமும் பத்துப் பேராவது வண்டியை எங்கேயாவது கொண்டுபோய் இடித்துவிட்டு வருவார்கள், இவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பயந்துகொண்டு இப்படி ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார்களா என்று கேட்டேன்.

"உங்கம்மா குடுத்த கண்ணாடி ஜாடி இருக்குல்ல?" என்றார்.

"ஆமா, அலமாரில."

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே உடைஞ்சுபோச்சு. நாலு கடை ஏறி இறங்கி அதே மாதிரி வாங்கி வெச்சேன். மூடி மட்டும் கொஞ்சம் பெருசு. நீ கவனிக்கல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை, நான்கு வரிப் படிவத்தோடு இரண்டு பக்கத்தைச் சேர்த்துச் சுருக்கத்தின் முன்னால் வைத்தேன். டப்பாவை மறைக்கவில்லை. அது ஏன் பிறந்தது, யார் விதியால் பிறந்தது, அந்த எண்ணிக்கைகள் எப்படிப் பொய்யாகின என்று வரிசையாக எழுதியிருந்தேன். கீழே கோட்டில் என் பெயர்.

அவர் இரண்டு பக்கத்தையும் புரட்டினார். பிஸ்கட் டப்பா என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதோ இருக்கே பேரு. டப்பா வெச்சிருந்த அம்மா. எதுக்கு உங்க பேரு?"

"அந்தம்மா டப்பா வெச்சது என்னால சார். அவங்கள அனுப்பினா அவங்க எடத்துக்கு வர்றவங்க இன்னும் ஆழமா ஒளிச்சு வைப்பாங்க."

"உங்க பேர் போட்டா மூணு வருஷமா நாம சொல்லிக்கிட்டது எல்லாம் பொய்னு ஆயிடுமே."

"பொய்தான் சார்."

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு சின்னக்காவையும் கூப்பிட்டனுப்பினார். சின்னக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். அவருடைய கணவர் முதுகு ஒடிந்து ஆறு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அந்த வீட்டில் உழைக்கிற கை அந்த ஈரக் கை மட்டும்தான்.

"இந்தத் தடவை ரெண்டு பேரையும் விடறேன்," என்றார் சுருக்கம். "குடும்பத்துக்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா இனிமே ஒரே ஒரு கருவி குறைஞ்சுதுன்னு என் காதுக்கு வந்தாலும், ரெண்டு பேரும் கிளம்பிடுங்க."

"சார், அப்படிச் சொன்னீங்கன்னா யாரும் வந்து சொல்லவே மாட்டாங்க."

"யாரும் சொல்லலைன்னா குறையலைன்னு அர்த்தம்," என்றார். அவ்வளவுதான். அடுத்த டப்பாவை அவரே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எக்ஸ்பிளனேஷன் இனி கிடையாது என்றேன். எனக்குத் தெரியாமல் போனதற்கு நானே காரணம் என்றும் சொன்னேன். குறைந்தால் உடனே சொல்லுங்கள், யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எங்கே எப்போது என்று மட்டும் பலகையில் எழுதுவோம் என்றேன். சுவரில் வெள்ளைப் பலகை மாட்டினேன். டப்பாவில் இருந்ததையெல்லாம் ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினேன். சுருக்கம் வைத்த நிபந்தனையையும் மறைக்காமல் சொன்னேன். இனி எதையும் ஒளிக்கிற சக்தி எனக்கு இல்லை. எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு விதியைச் சொன்னபோதும் இப்படித்தான் தலையாட்டினார்கள்.

பலகையில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள். தினமும் பத்து இருபது தட்டு வருகிறது, ஒரு கத்தரிகூடவா துணியோடு போகாது? எங்கேயோ இன்னொரு டப்பா இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தேடவில்லை. தேடினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும். காலையில் வந்து வெறும் பலகையைப் பார்ப்பேன், சாயங்காலம் வெறும் பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒன்பது வருடத்தில் அவ்வளவு களைப்பு எனக்கு வந்ததில்லை. கத்தி ஒரு விஷயத்தைச் செய்யவைப்பது எவ்வளவு சுலபம்! சொல்லுங்கள் என்று காத்திருப்பதுதான் எலும்பை உருக்குகிறது.

பன்னிரண்டாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சின்னக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேடம், நீலத் தட்டு இப்பதான் இறங்குச்சு. இருபத்திரண்டு வரணும். இருபத்தொண்ணுதான் இருக்கு."

"யாரு?" என்றேன்.

நான் கேட்கவில்லை, என் வாய் கேட்டது. ஒன்பது வருடமாக அதே வார்த்தையைச் சொல்லிப் பழகிய வாய். சின்னக்காவின் முகம் மூடிக்கொண்டதை என் கண்ணெதிரே பார்த்தேன்.

"இல்ல மேடம், நான் எண்ணினதுல தப்பு இருக்கும். இன்னொரு தடவ எண்ணிட்டுச் சொல்றேன்." திரும்பிவிட்டார்.

அவர் போயிருந்தால் இருபத்திரண்டு ஆகியிருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். எங்கள் வேலைக்கும் ஆபத்து வந்திருக்காது.

"சின்னக்கா," என்றேன். "தப்பாக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. எங்க இருக்கும்னு நினைக்கறீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. என்னை எடைபோடுகிறார் என்று புரிந்தது. அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

"துணிய உதறிப் பாத்துட்டேன், கூடையையும் பாத்துட்டேன்," என்றார். "இல்ல. தட்டு வந்து அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. அந்த ஆள் இன்னும் தியேட்டர் மேசைலதான் இருப்பாரு. ஓடுங்க மேடம்."

லிஃப்ட் மேலே நின்றிருந்தது. மூன்று மாடியும் படியேறினேன். இரண்டாவது மாடியில் முழங்கால் மடங்கி, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். தியேட்டர் கதவை நான் தள்ளியபோது கட்டிலுக்கு மாற்றுவதற்கு நோயாளியின் தோளில் கை வைத்திருந்தார்கள். சர்ஜன் கையுறையைக் கழற்றிவிட்டிருந்தார்.

"நீலத் தட்டுல ஒண்ணு குறையுது. படம் எடுக்காம வெளிய விடாதீங்க."

"சிஸ்டர் எண்ணியாச்சும்மா. இருபத்திரண்டு. அடுத்த கேஸ் வெளிய காத்துட்டிருக்கு," என்றார் சர்ஜன். பிறகு இன்னும் பலதும் சொன்னார். கருவி கழுவுகிறவர்கள் எனக்கு ஆபரேஷன் சொல்லித்தர வேண்டாம் என்பதும் அதில் ஒன்று. நான் கதவை மறித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

அதே சிஸ்டர்தான் அன்றும் அங்கே இருந்தாள். சர்ஜனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார்," என்றாள். "நான் எண்ணினப்பவும் இருபத்தொண்ணுதான் இருந்துச்சு."

படம் எடுத்தார்கள். விலா எலும்புக்குக் கீழே, வளைந்த ஒரு சின்னக் கோடு. சிறு பிள்ளை கிறுக்கியது போல இருந்தது. சர்ஜன் புதுக் கையுறை கேட்டார். நாற்பது நிமிடத்தில் எடுத்துத் தைத்துவிட்டார்கள். அந்த மனிதர் மயக்கம் தெளிவதற்கு முன்பே எல்லாம் முடிந்தது.

நான் கீழே இறங்கி வந்தேன். சின்னக்கா கழுவும் அறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், அதே ஈரக் கையுறையோடு.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"உள்ளயா?"

"உள்ளதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பதிவேட்டில் இருபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பலகையில் நீலத் தட்டு, மூன்றாம் மாடி, பிற்பகல் இரண்டே கால் என்று எழுதினேன். என் மேசையில் போன் அடித்தது. நின்று மறுபடி அடித்தது. யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சர்ஜன் சுருக்கத்திடம் சொல்லாமல் இருப்பாரா?

"நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா மேடம்?" என்று கேட்டார் சின்னக்கா.

வாங்க என்று சொல்லத்தான் ஆசை. "தெரியல சின்னக்கா," என்றேன். "நான் வரணுமான்னே தெரியல."

லிஃப்ட் வந்து நின்றது. பச்சைத் தட்டு, பதினெட்டு. சின்னக்கா எழுந்து போய் அதை இரண்டு கையாலும் தூக்கினார்.

"அப்ப இன்னிக்கு வந்ததையாவது எண்ணி வெச்சுட்டுப் போறேன்," என்றார்.